இறக்கை முனையில் நிற்பவர்

மூக்குச் சக்கரம் எந்த அளவுக்கு மேல் திரும்பக் கூடாது என்று காட்ட அதன் காலில் சிவப்பாக ஒரு கோடு போட்டு வைப்பது சிறு விமானம் வைத்திருப்பவர்கள் பலரின் வழக்கம், அதற்கு நகப்பூச்சே போதும், விலை சொற்பம், சட்டென்று காயும், தூரிகையும் மூடியிலேயே இருக்கும். 1960களில் செய்யப்பட்ட என் செஸ்னா 172-ஐ இழுத்துப் போகும்போது இருபுறமும் 30 பாகையைத் தாண்டித் திருப்பினால் சக்கரக்கால் சேதமாகிவிடும், அதனால் மங்கிப்போன கோட்டைப் புதுப்பிக்கலாம் என்று மகளிடம் வாங்கி வந்த குப்பியை, விஸ்கான்சின் மாநிலத்தின் தென்கோடியில் இருக்கும் எங்கள் சின்ன விமானத்தளத்தின் தகரக் கொட்டகைக்குள் திறந்ததுதான் தாமதம், மீனம்பாக்கம் வந்து நின்றது. நகப்பூச்சில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ்தான் அந்தக் காலத்துத் துணி விமானங்களின் மேல் பூசிய டோப்பின் ஒரு வகையிலும் இருந்தது, கரைப்பான்களும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே அரை நூற்றாண்டுத் தூரத்தை மூக்கு ஒரே மூச்சில் கடந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை.

என் மாமா அங்கே ஃப்ளையிங் கிளப்பில் மெக்கானிக், எங்கள் வீடு பழவந்தாங்கலில், பள்ளி விடுமுறை விட்டால் தண்டவாளத்தை ஒட்டி நடந்தே மாமாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை, கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு, நான் சாயங்காலம் வரை திரும்ப மாட்டேன். ஹேங்கரின் கூரைத் தகட்டில் ஆணி பெயர்ந்த ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும், அதில் தூசி மிதக்கும், டோப்பின் இனிப்பு நெடி, பெட்ரோல், கிரீஸ், ஈரக் கோணிச் சாக்கு, எல்லாவற்றுக்கும் அடியில் சுண்ணாம்பும் வெற்றிலையுமாக ஒரு வாடை, அது விமானங்களைத் தள்ளி அடுக்கும் கலாசிப் பெரியவருடையது. அங்கே நின்ற விமானங்களில் எனக்குப் பிடித்தது புஷ்பக், பெங்களூர் எச்.ஏ.எல். செய்தது, வி. எம். காட்கே வடிவமைத்து 1958-ல் முதலில் பறந்தது, இரண்டே பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், 90 குதிரைத்திறன் இன்ஜின், வெறும் எடை 400 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், நாட்டின் ஃப்ளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில்தான் பறக்கப் பழகியது.

பறப்பதைப் பார்க்கத்தான் மற்றப் பையன்கள் வேலி ஓரம் நிற்பார்கள், எனக்கு அதைவிடச் சாயங்காலம் விமானங்களை உள்ளே அடுக்குவதைப் பார்ப்பதில்தான் ஆசை, இன்றும் அப்படித்தான். ஒரே ஹேங்கருக்குள் இருக்கிற எல்லாம் அடங்க வேண்டும், நாளைக் காலை முதலில் வெளியே போவது இன்று கடைசியாக உள்ளே வர வேண்டும், ஒன்றின் இறக்கைக்கு அடியில் இன்னொன்றின் வால் போக வேண்டும், இந்தக் கணக்கு முழுவதும் கலாசிப் பெரியவரின் தலைக்குள் இருந்தது, காகிதத்தில் யாரும் எழுதி வைத்ததில்லை. அவர் வேலைக்கு முன் இடுப்பு வெள்ளிக் கயிற்றில் தொங்கும் சாவியை உள்ளே செருகுவார், மோதிரத்தைக் கழற்றி வேட்டி மடிப்பில் முடிவார், தோளில் கிடக்கும் துண்டை நாலாக மடித்து இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் கம்பியில் வைத்து அதன் மேல்தான் உள்ளங்கையை வைப்பார், வியர்வை உப்பு பெயின்ட்டைத் தின்னும் என்பார். வாலில் ஒருவர், ஸ்ட்ரட்டுக்கு ஒருவராக இருவர், இறக்கை முனை ஒவ்வொன்றிலும் ஒருவர், முனையில் நிற்பவர் தள்ளக் கூடாது, பார்க்க மட்டும் வேண்டும், அவர் கையைத் தூக்கினால் எல்லோரும் நிற்க வேண்டும், ஏன் என்று பிறகுதான் கேட்கலாம்.

ஒருநாள் நானும் தள்ள ஓடினேன், அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"துணி மேல கை வைக்காத தம்பி, உள்ள எலும்பு எங்க ஓடுதுன்னு தடவிப் பாத்து அது மேல வை. விசிறி பக்கம் மட்டும் போவாத, அது தூங்குதுன்னு நெனைக்காத."

"பெரியவரே, அவனுக்கு மேக்னெட்டோ பத்தி நான் சொல்லிக்கிறேன், நீங்க வாலத் தூக்குங்க" என்று மாமா அங்கிருந்து குரல் கொடுத்தார். அன்று ராத்திரி மொட்டை மாடியில் சொன்னார், விமான இன்ஜினின் தீப்பொறிக்கு பாட்டரி தேவையில்லை, மேக்னெட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும், சுவிட்சை அணைப்பது என்றால் அதைத் தரையோடு இணைத்து வாயடைப்பது, அந்த ஒற்றை ஒயர் அறுந்திருந்தால் சுவிட்ச் அணைந்திருக்கும், இன்ஜின் அணைந்திருக்காது, யாராவது விசிறியைக் கொஞ்சம் அசைத்தாலே போதும், ஒரு வெடி வெடித்துச் சுற்றிவிடும். விமானத்தை இழுக்க வசதியான பிடி மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த விசிறியை, வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய, நான் இன்றுவரை தொடுவதில்லை.

பல வருடங்கள் கழித்து, இந்த நாட்டுக்கு வந்து, உரிமம் வாங்கி, சொந்தமாக ஒரு பழைய விமானம் வாங்கும் அளவுக்குத் துணிந்தபோது, விற்பவர்கள் என்னிடம் இன்ஜின் எத்தனை மணி ஓடியது, ரேடியோ என்ன வகை என்றெல்லாம் சொன்னார்கள், அதை வைக்கிற இடத்துக்குள் எப்படிக் கொண்டுபோவது என்று ஒருவரும் சொல்லவில்லை. கார் மாதிரி ரிவர்ஸ் கியர் இல்லை, இன்ஜினை ஓட விட்டபடி கொட்டகைக்குள் நுழையவும் கூடாது, ஒவ்வொரு தடவையும் மனிதன் இறங்கி நின்று பின்பக்கமாகத் தள்ளித்தான் ஆக வேண்டும். எங்களுடையது டி வடிவக் கொட்டகை, ஒன்றுக்கொன்று தலைகீழாகக் கோத்துக் கட்டிய வரிசை, முன்பக்கம் இறக்கைக்கு அகலம், பின்பக்கம் வாலுக்கு மட்டும் ஒடுக்கம், கதவு 40 அடி, என் இறக்கை ஏறக்குறைய 36 அடி, ஆகப் பக்கத்துக்கு இரண்டடி, அதுவும் நடுக்கோட்டில் நேராகப் போனால். கொட்டகையில் இடித்து வாங்கும் காயங்கள் பறக்கும்போது வாங்குவதைவிடச் சாதாரணம் என்பதை இங்கே எந்தத் தகர வரிசையிலும் பத்து நிமிடம் நடந்தால் கண்ணாலேயே பார்க்கலாம், இறக்கை முனையின் விளக்குக் கண்ணாடி பிளந்திருக்கும், வால் ஓரத்தில் ஒட்டுப் போட்டிருக்கும்.

உள்ளே தள்ளி வைக்கும் இந்த வேலையை நான் கற்றுக்கொண்டது எங்கள் ஊரிலிருந்து சில மைல் தள்ளி இருக்கும் பிராட்ஹெட்டில். அது புல்தரை, ஓடுபாதையும் புல்தான், ஜூலை மாதம் பீட்டன்பால் விமானக்காரர்கள் அங்கே கூடுவார்கள், மின்னசோட்டாவில் பெர்னார்ட் பீட்டன்பால் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் இன்ஜினை வைத்துப் பறக்கச் செய்த வடிவம் அது, பிள்ளைகள் பட்டறையில் செய்யக்கூடிய எளிமை. அங்கே ஒரு பால்பண்ணைக்காரர், எண்பதை நெருங்கியவர், மஞ்சள் நிறப் பைப்பர் கப் வைத்திருந்தார், 1938-க்கும் 1947-க்கும் நடுவில் அந்த ஜே-3 வகை கிட்டத்தட்ட 20,000 செய்யப்பட்டன, வெறும் எடை 350 கிலோகூட இருக்காது. கொட்டகைக்குள் நுழைந்தால் வைக்கோல், எலிக்குப் போட்ட பாச்சை உருண்டை, பழைய எண்ணெய், ப்ளாஸ்கிலிருந்து ஊற்றிய காப்பி, மேலே உத்தரத்தில் கூடு கட்டிய தகைவிலான்களின் எச்சம் விழாமலிருக்க இறக்கை மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பு. அவர் வாலருகே குனிவார், ஒரு கையால் தூக்குவார், அந்த விமானம் அவர் சொன்ன பக்கம் சுழலும், பாரத்தில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களில் இருப்பதால் வாலில் பிடித்தவன் கையில் வருவது கொஞ்சம்தான், கூட்டத்தில் கோவில் மாட்டைத் தும்பைப் பிடித்துத் திருப்புகிறவரிடம் தெரியும் அதே அலட்டல் இல்லாமை அவரிடம் இருந்தது.

அவர் மனைவி இடது இறக்கை முனையில் நிற்பார், கையில் பாதி பின்னிய கம்பளி ஏதாவது இருக்கும், கண் மட்டும் கதவு நிலையில் இருக்கும், பேசவே மாட்டார், ஊசியோடு சேர்த்துக் கையைத் தூக்குவார், கிழவர் நின்றுவிடுவார். நான் அதைப் பார்த்தபோது கலாசிப் பெரியவருக்கு இந்த அம்மாவைத் தெரிந்திருக்க வழியில்லையே என்று தோன்றியது, கனமான, இலேசில் நசுங்கும் பொருளை நகர்த்துகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே முடிவுக்குத்தான் வந்து சேர்கிறார்கள் போலும்.

வாலைத் தூக்கித் திருப்புகிற சொகுசு என் செஸ்னாவில் இல்லை, மூக்கில் சக்கரம் இருப்பதால் அதன் அச்சில் ஒரு இழுகம்பியை, இங்கே டோ பார் என்பார்கள், மாட்டித் திருப்ப வேண்டும், வெறும் எடை 600 கிலோவை ஒட்டி, பெட்ரோல் நிறைந்தால் 700. இதற்கு மலிவான வழி என்ன என்று கிழவரிடம் கேட்டேன், இழுகம்பியைப் பற்றியோ மோட்டாரைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை, என் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுக் காற்று பிடி என்றார். சமதளக் காங்கிரீட்டில், காற்று சரியாக இருந்தால், ஒருவர் தள்ளுவதற்குள் அடங்குகிற வேலை அது, டயர் தொய்ந்தால் அதே விமானம் சேற்றில் நிற்பது போலக் கனக்கும். அடுத்தது சரிவு, மழைநீர் வழிய வேண்டும் என்று கொட்டகை முற்றத்தை வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டுவார்கள், நூற்றுக்கு ஒன்று என்ற சாய்வுகூட 700 கிலோவில் 7 கிலோ இழுவையைக் கூட்டும், நூற்றுக்கு மூன்று என்றால் 21 கிலோ, அதை ஒருவர் முதுகால் தாங்கியபடி கதவு இருப்புப் பட்டையின் மேட்டையும் ஏற்ற வேண்டும். அந்த மேட்டுக்கு ஒரு ஓரம் சீவிய பலகைத் துண்டு போதும், அல்லது ஒரு சட்டி சிமென்ட். இந்த இரண்டையும் செய்யாமல் மோட்டார் வாங்கப் போகிறவர்கள் காற்றையும் சிமென்ட்டையும் ஆயிரக்கணக்கான டாலருக்கு வாங்குகிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கை எங்கே வைப்பது என்பதும் பைசாச் செலவில்லாத பாடம்தான், ஸ்ட்ரட் கம்பி இறக்கையோடு சேரும் இடத்துக்கு அருகில் தள்ளலாம், மூக்கைத் தூக்கித் திருப்ப வேண்டுமானால் வால் மட்டத்தை அழுத்தாமல் அதற்கு முன்னால் உடற்பகுதியில் தடுப்புச் சட்டம் இருக்கும் இடத்தை அழுத்த வேண்டும், இறக்கையின் பின் ஓரத்தையும் அசையும் பகுதிகளையும் தொடவே கூடாது. உயர்ந்த இறக்கை என்பதால் அந்தப் பின் ஓரம் சரியாக நெற்றி மட்டத்தில் நிற்கும், செஸ்னாக்காரர்கள் பலர் நெற்றியில் அதன் தழும்போடு திரிவார்கள், பழைய டென்னிஸ் பந்தைக் கீறி அதில் செருகி வைத்தால் தலை தப்பும். இழுகம்பிக்கு ஒரே ஒரு சட்டம், கையை எடுத்தால் கம்பியையும் எடு, மாட்டியபடி விட்டுவிட்டு இன்ஜினைக் கிளப்பியவர்கள் உண்டு, விசிறி அந்தக் கம்பியில் அடித்தால் பிறகு இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டியதாகும், நூறு டாலரை ஒட்டிய ஒரு கம்பியால் பல்லாயிரம் போகும்.

பின்னுக்குத் தள்ளும்போது என் செஸ்னாவின் பெரிய சக்கரங்கள் இரண்டும் கொஞ்சம் அகன்று ஒடுங்கும், அந்தக் கால்கள் வளையும் ஸ்பிரிங் உருக்குப் பட்டைகள், அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் மாநிலத்துக்காரர், ஸ்டீவ் விட்மன், ஆஷ்கோஷ் ஊர் விமானத்தளத்தைப் பல பத்தாண்டுகள் நடத்திய பந்தய வீரர், அவருடைய உரிமையை வாங்கித்தான் செஸ்னா கம்பெனி தன் விமானங்களுக்கு அந்தக் காலைப் பொருத்தியது. விளிம்பில் சக்கரம் முட்டி நின்றால் மல்லுக்கட்டாமல் முன்னும் பின்னும் ஆட்டிவிட்டால் போதும், அந்த உருக்கே மீதி வேலையைச் செய்யும். அவர் பேரைத் தாங்கிய அந்தத் தளத்தில்தான் 1970-லிருந்து கோடைகாலத்தில் சோதனை விமானக்காரர்கள் சங்கத்தின் பெருங்கூட்டம் நடக்கிறது, ஆயிரக்கணக்கில் விமானங்கள் இறங்கும், புல்லில் வரிசை வரிசையாக நிற்கும். ஆரம்ப வருடங்களில் நான் போனபோது, இன்ஜின் அணைந்ததும் யாரும் கூப்பிடாமலே நாலு பேர் ஓடி வருவார்கள், இரண்டு பேர் ஸ்ட்ரட்டைப் பிடிப்பார்கள், ஒருவர் முனைக்குப் போவார், விமானம் இடத்தில் நின்றதும் பேர் கேட்காமல் கை குலுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள், அந்த ஓட்டத்தைப் பார்க்கத்தான் நான் திரும்பத் திரும்பப் போனேன்.

பிராட்ஹெட் அம்மா ஒரு குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். வசந்தத்தில் அந்தக் கொட்டகைக்குப் போனேன், பின்சுவர் ஓரம் தரையில் நாலு போல்ட் அடித்து ஒரு 12 வோல்ட் வின்ச் உட்கார்ந்திருந்தது, பண்ணை வண்டிகளுக்கு விற்கிற சாதாரணச் சாமான், நூறு இருநூறு டாலருக்குள் கிடைப்பது, அதிலிருந்து வந்த கயிறு இரண்டாகப் பிரிந்து கப் விமானத்தின் இரண்டு சக்கரக் கால்களுக்கும் போனது, ஒரே காலில் கட்டினால் கோணலாக இழுக்கும். இரும்புக் கம்பியை எடுத்துவிட்டு செயற்கை இழைக் கயிற்றைச் சுற்றியிருந்தார், கம்பி அறுந்தால் சாட்டையாக வீசும் என்றார், சுவிட்ச் விரலை எடுத்தால் நின்றுவிடும் வகை, அதுதான் முக்கியம் என்றார். தரையில் நடுக்கோடு வரைந்திருந்தார், சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் மரச் சட்டத்தை அடைக்கட்டையாக அறைந்திருந்தார், இடது கதவு நிலைக்கு உள்ளே உத்தரத்திலிருந்து தூண்டில் நரம்பில் ஒரு பந்து தொங்கியது, இறக்கை முனை அதைத் தொட்டால் நிறுத்த வேண்டும். இதையெல்லாம் அவர் என்னிடம் காட்டியது ஒரு பம்பு செட்டைக் காட்டுகிற மாதிரிதான், குரலில் வேறு எதுவும் இல்லை, காப்பி ஊற்றினார், நான் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் பார்த்தார். வயசான காலத்தில் ஒருவர் தனியாகத் தன் விமானத்தை வைத்துக்கொள்ள முடிகிறது என்றால் அந்த மோட்டாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, கைகளால் தள்ளுவதே உசத்தி என்று பேசுகிறவர்கள் முதுகு வலிக்காத வயதில் இருப்பவர்கள்.

ஆனாலும் இப்போதைய எங்கள் தகர வரிசையைப் பார்த்தால் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. வேலி வந்துவிட்டது, எண் அழுத்தினால் திறக்கும் கேட், கொட்டகைக்குள் வெள்ளை எல்.இ.டி. வெளிச்சம், எதற்கும் நிழல் விழுவதில்லை, சில கதவுகளுக்குப் பின்னால் விமானமே இல்லை, படகும் சோபாவும் இருக்கின்றன. வருகிறவர்கள் கைக்கடக்கமான ரிமோட்டை அழுத்துகிறார்கள், பாட்டரியில் ஓடும் டக் வண்டி மூக்குச் சக்கரத்தைக் கவ்விக்கொண்டு விமானத்தை வெளியே கொண்டுவருகிறது, பறக்கிறார்கள், திரும்பி வந்து அதே மாதிரி உள்ளே விடுகிறார்கள், கேட் மூடுகிறது, ஒருவரோடும் பேச வேண்டிய தேவை எங்கேயும் எழவில்லை. அந்த வண்டிகள் பல ஆயிரம் டாலர். இதற்கு நடுவில் எளிய வழிகளும் உண்டு, பனி அள்ளும் இயந்திரம் பழுதானால் அதன் கியர்ப் பெட்டியில் தாடை பொருத்துகிறார்கள், பழைய மின்சார சக்கர நாற்காலியின் மோட்டாரை மாட்டுகிறார்கள், அது மெதுவாகச் சுற்றும், விட்டால் நிற்கும், இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான மோட்டார் கிடையாது, கையில் பிடிக்கும் ட்ரில்லையே உந்துசக்தியாக்கிக்கொள்கிற வகைகூட இருக்கிறது. புல்வெட்டும் டிராக்டரால் இழுப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது, வெடுக்கென்று இழுக்கும், மூக்குக் கால் திருப்ப எல்லையைத் தொட்டதும் இழுகம்பி பிடித்தவன் உள்ளங்கைக்கு ஒரு முட்டு தெரியும், டிராக்டருக்குத் தெரியாது.

என் அடுத்த கொட்டகைக்காரர் நல்ல மனிதர், முப்பதுகளில் இருக்கிறார், நான்கு இருக்கை விமானம், என்னுடையதைவிட எடை அதிகம், பெல்ட் சக்கரம் போட்ட டக் வைத்திருக்கிறார். சென்ற ஜனவரியில், குளிர் கடுமையான ஒரு காலையில், விமானத்தை வெளியே எடுத்து இன்ஜினைச் சூடாக்கிப் பறந்து திரும்பியவர், உள்ளே விடுவதற்கு டக்கைக் கிளப்ப, குளிரில் சோர்ந்த பாட்டரி இரண்டடி நகர்ந்து செத்துப்போனது, விமானம் பாதி உள்ளே பாதி வெளியே, காற்று ஏறிக்கொண்டிருந்தது. முற்றத்தில் பனி கண்ணாடியாக உறைந்திருந்தது, நான் என் வாளி மணலைக் கொண்டுபோய்ச் சக்கரங்களுக்கு முன்னும் நாங்கள் மிதிக்கிற இடத்திலும் தூவினேன், உப்புப் போட எடுத்தவரை நிறுத்தினேன், அலுமினியத்துக்கு உப்பு ஆகாது. அவர் நேராக விசிறியின் இரண்டு அலகுகளையும் பிடிக்கப் போனார், அங்கே வேண்டாம் தம்பி என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது, பிறகு அவர் மொழியில் சொன்னேன், மேக்னெட்டோ ஒயரைப் பற்றி. டயரை அழுத்திப் பார்த்தேன், மூன்றுமே தொய்ந்திருந்தன, குளிரில் காற்று சுருங்கும், மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தவரை அது யாருக்கும் உறைக்கவில்லை. என் பம்பால் காற்றடித்தோம், அவர் இழுகம்பியில், வரிசையின் கோடியிலிருந்து வந்த ஒரு பெண்மணி இறக்கை முனையில், நான் எதிர்ப்பக்கம் தோளைக் கொடுத்து, ஒருமுறை கை தூக்கி நிறுத்தி நேராக்கி, உள்ளே போட்டுவிட்டோம்.

அந்தப் பெண்மணி எட்டு வருடமாக அதே வரிசையில் வாடகைக்கு இருக்கிறாராம், எங்கள் மூன்று பேருக்கும் அதுவரை ஒருவர் பேர் மற்றவருக்குத் தெரியாது. இப்போது அவர் கொட்டகைக்கு ஒரு வின்ச் பொருத்துகிறோம், போல்ட்டுக்குத் தரை துளைக்கிற இயந்திரத்தை அடுத்த கொட்டகைக்காரர் கொண்டுவருகிறார், கயிறு என்னிடம் இருக்கிறது, நடுக்கோடு வரைய சுண்ணாம்பு நூல் மட்டும் வாங்க வேண்டும், பனி முழுவதும் கரைந்த பிறகு ஒரு சனிக்கிழமை என்று பேசி வைத்திருக்கிறோம்.